மூன்றாவது வாக்கியம்

அக்காள்மடம்,
12-6-1962

அன்புள்ள ஹமீது சுல்தானுக்கு,

பூமிநாதன் எழுதுவது. மண்ணடிக் கடையில் உன்னை இன்னும் கணக்குப்பிள்ளைக்கு எடுபிடியாகத்தான் வைத்திருக்கிறார்களா, இல்லை உட்கார நாற்காலி கொடுத்துவிட்டார்களா? எப்படியானாலும் நீ உடம்பைப் பார்த்துக்கொள். நான் மூன்று வேளை சாப்பிடுகிறேன், கூரைக்குக் கீழே தூங்குகிறேன். பி.ஏ. பட்டத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு நயினார்கோவிலில் சும்மா கிடந்த வருஷத்தை நினைத்தால், இதைச் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

ஆமாம், வேலை கிடைத்துவிட்டது. சிரிக்காதே. ஐஸ் கம்பெனியில் இங்கிலீஷ் வாத்தியார்.

அக்காள்மடம் இருக்கும் இந்தத் தீவில் புதிதாக ஒரு ஐஸ் கம்பெனி வந்திருக்கிறது. இறால் பெட்டிகளுக்கு ஐஸ் கட்டி செய்து ரயிலேற்றுகிறார்கள். மானேஜர் பம்பாய்க்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வாரா வாரம் தொழிலாளியும் அதிகாரியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, வேலையில் வரும் கோளாறுகளைப் பேசித் தீர்க்கிறார்கள் என்று எதிலோ படித்திருக்கிறார். அதை இங்கே நடத்த வேண்டும் என்று ஆசை. தான் ஒருவன் தமிழ் கற்பதை விட நாற்பது பேர் இங்கிலீஷ் கற்பது சுலபம் என்று முடிவு செய்துவிட்டார். அந்த முடிவில்தான் என் சோறு.

ஆனால் ஆட்கள் வகுப்புக்கு வருவதற்குக் காரணம் வேறு. இவர்களுக்கும் மானேஜருக்கும் நடுவில் வில்வநாதன் என்று ஒரு சூப்பர்வைசர் நிற்கிறார். இவர்கள் சொல்வதை அவர்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த அன்றே அதைப் பார்த்தேன். சந்தனம் என்று ஒரு இளவட்டம், உப்புத் தண்ணீரில் வெடித்துப் பிளந்த இரண்டு கைகளையும் மானேஜரிடம் நீட்டி, ரப்பர் உறை வேண்டும் என்று கேட்டான். ஊரில் திருவிழாவாம், லீவு கேட்கிறான் என்று வில்வநாதன் இங்கிலீஷில் சொன்னார். மானேஜர் சிரித்துக்கொண்டே அரைநாள் லீவு கொடுத்தார். கேட்டது கையுறை, கிடைத்தது லீவு. சந்தனம் கையை நீட்டியபடியே முழித்துக்கொண்டு நின்றான். வந்த முதல் நாளே குறுக்கே பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. அன்று சாயங்காலமே வகுப்பை ஆரம்பித்துவிட்டேன்.

வகுப்பு என்றால் சாக்கு அடுக்கும் கொட்டகை. ஷிப்ட் முடிந்து பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எல்லாரும் கடலில் தொழில் செய்து, விசைப்படகு வந்தபின் வலை காய்ந்து கரையேறியவர்கள். இவர்களுக்கு 'பூனை பாயில் உட்கார்ந்தது' என்று நான் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. மூன்று வாக்கியம் போதும் என்றேன். என்ன கோளாறு, எதனால் வந்தது, என்ன செய்யலாம். எந்தக் கோளாறையும் இந்த மூன்றில் சொல்லிவிடலாம்.

ஒருவனை மானேஜராக நடிக்கச் சொல்லி மற்றவர்களைப் பேச வைக்கிறேன். சந்தனம் இறால் கூடையைத் தொப்பியாகக் கவிழ்த்து, பீடியைச் சுருட்டு மாதிரி பிடித்துக்கொண்டு உட்காருவான். யார் என்ன சொன்னாலும், "வெரி குட், கெட் அவுட்" என்பான். "ஏலே, தப்பாச் சொல்றியே. பம்பாய்த் தொரை கெட் அவுட்டத்தான முதல்ல சொல்லுவாரு" என்று இன்னாசி அண்ணன் திருத்துவார். கொட்டகையே குலுங்கும்.

இன்னாசி அண்ணனைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நாற்பது வயசு. கடலில் மண்டாடியாக இருந்தவர். அதாவது வத்தை என்கிற பாய்மரப் படகில் போகிற ஆட்களுக்குத் தலைவர். இங்கே எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிறார். அந்த அறையில் அமோனியா போகிற குழாயில் ஒரு மூட்டு கசிகிறது. உள்ளே போனால் கண் எரியும், நெஞ்சு அடைக்கும். நான் ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன், ஓடி வந்துவிட்டேன். அவர் அதற்குள்தான் எட்டு மணி நேரம் நிற்கிறார். வில்வநாதனிடம் பல தடவை சொல்லிவிட்டார். "ஏலே, கருவாட்டுலயே பொறந்து வளர்ந்த பயலுகளுக்கு இது ஒரு நாத்தமா?" என்றாராம் அந்த ஆள்.

"நடுவுல ஆளு இல்லாம நானே தொரைகிட்டச் சொல்லணும் வாத்தியாரே. அதுக்கு மட்டும் வழி பண்ணுங்க" என்று அண்ணன் கேட்டார். பண்ணிக் காட்டுகிறேன், பார்.

உன் வாப்பாவைக் கீழக்கரையில் போய்ப் பார்த்தேன். இருமல் குறைந்திருக்கிறது. கவலைப்படாதே.

உன் நண்பன்,
பூமிநாதன்.


அக்காள்மடம்,
20-8-1962

அன்புள்ள ஹமீதுக்கு,

உன் கடிதம் வந்தது. நாற்காலி கொடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். ஒருவழியாக நம் இருவரில் ஒருவனாவது உட்கார்ந்தான்.

இன்னாசி அண்ணன் பேசிவிட்டார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சந்தோஷமாக எழுத வேண்டிய கடிதம் இது. எழுத உட்கார்ந்தால் சந்தோஷம் வரமாட்டேன் என்கிறது.

இரண்டு மாதம் அவரைத் தயார் செய்தேன். குழாய் கசிகிறது. மூட்டு பழசாகிவிட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் புது மூட்டுப் போட வேண்டும். இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியது. முதல் இரண்டும் அவருக்கு நாக்கில் ஏறிவிட்டன. எண்ணெய் விடும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாராம். மற்றவர்களையும் ஆளுக்கொரு கோளாறு சொல்லத் தயார் செய்திருந்தேன். மாட்டோம் என்றார்கள். வத்தையில் மண்டாடிதான் படகு முதலாளியான சம்மாட்டியிடம் பேசுவார், எங்களுக்கும் அண்ணனே பேசட்டும் என்றார்கள். சரி என்று விட்டேன்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். என்ன பேசப் போகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். மூன்றாவது வாக்கியம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். இறால் சீசனில் எஞ்சின் ஒருநாள் நின்றால் கரை முழுக்க இறால் நாறிப்போகும். நிறுத்து என்பது வழியே அல்ல, அதுவே இன்னொரு கோளாறு. கோளாறைக் கொண்டுவருகிறவன் தன் கையால் செய்யக்கூடிய வழியையும் கொண்டுவர வேண்டும். இந்த முறையின் உயிரே அதுதான். நீங்கள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லையா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நாற்காலியில் உட்கார வைத்து, டீ கொடுத்துக் கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வந்து இன்னாசி அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நானும் கோபப்படலாம் என்று இருந்தேன். அவர் கோபப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"தொரைக்கு நம்ம கடல் வழக்கம் தெரிஞ்சிருக்கே வாத்தியாரே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். நடுக்கடலில் வத்தையின் பலகை இடுக்கில் தண்ணீர் கசிவதை யார் முதலில் பார்க்கிறானோ, அவன் அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திக்கொண்டுதான் சத்தம் கொடுக்க வேண்டும். பஞ்சும் குங்கிலியமும் வந்து அடைக்கும் வரை அவன் கையை எடுக்கக் கூடாது. "ஓட்டைன்னு கத்திப்புட்டு நகந்து போனான்னு வையிங்க, மறுநா அவன எந்த வத்தையிலயும் ஏத்த மாட்டாக. சோறு தண்ணி பொழங்க மாட்டாக. பாத்தது நானு. அப்ப அங்கன என் கைதான இருக்கணும்?" என்றார்.

அது தண்ணீர், இது அமோனியா என்று சொன்னேன். "ரெண்டும் ஓட்டை வழியாத்தான வருது" என்றார். தார் பூசிய துணியும் சணலும் கம்பியும் வைத்து வரிந்து கட்டிவிடுவாராம். எத்தனை வத்தைக்குக் கட்டியிருக்கிறார் தெரியுமா என்று கேட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவருக்கும் அமோனியாவைத் தெரியாது. எனக்கும் தெரியாது. எஞ்சினியர் என்று கம்பெனியில் ஒருவர் இருக்கிறார். அவர் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

மூன்றாவது வாக்கியத்தை மாற்றினேன். "ஐ வில் டூ இட் மைசெல்ஃப், சார்." நானே செய்கிறேன் ஐயா என்று. அது அவர் நாக்கில் ஏற இரண்டு சாயங்காலம் ஆயிற்று.

சனிக்கிழமை கூட்டம். மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் உட்காரத் தெரியாமல் நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். வில்வநாதன் சுவரோரம் நின்றார். அவர் ஒதுங்கி நின்று நான் பார்த்தது அன்றுதான். அண்ணன் எழுந்து மூன்று வாக்கியத்தையும் சொன்னார். ஹமீது, ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. மானேஜர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் கறை பட்டதைத் துடைக்கக்கூட இல்லை. இதுதான் நான் எதிர்பார்த்தது, இந்த மனிதர் கோளாறை மட்டும் கொண்டுவரவில்லை என்று எல்லாருக்கும் சொல்லி, லட்டு கொடுத்தார். குழாயை அன்றைக்கே கட்டச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணனை இரண்டு பேர் தோளில் தூக்கப் பார்த்தார்கள். சந்தனம் வில்வநாதன் காதில் விழும்படி, "இனிமே நமக்குத் தரகன் வேணாம்ல" என்றான். அன்று எல்லாரும் என்னை அண்ணன் வீட்டுக்கு இழுத்துப் போனார்கள். அவர் மனைவி லீமாரோஸ் மதினி மீன் பொரித்துப் போட்டார். போட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப குழாய மாத்திப்புடுவாகளா தம்பி?"

"இல்லை மதினி. அண்ணன் கட்டப் போறாரு."

"கட்டுறதுக்கா ரெண்டு மாசமா இங்கிலீசு படிச்சீக?"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். அவர் கட்டியும் விட்டார். வாடை பாதி குறைந்திருக்கிறது. மானேஜர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தக் கட்டைக் காட்டி, எங்கள் தொழிலாளி தானாக யோசித்துச் செய்தது என்கிறார்.

ஆனால் மதினியின் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு மீனைத் தின்றதும் பிடிக்கவில்லை.

உன் வாப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீ நோன்புக்காவது ஊர்ப்பக்கம் வா.

உன்,
பூமிநாதன்.


இராமநாதபுரம்,
29-10-1962

அன்புள்ள ஹமீதுக்கு,

உன் இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் எழுதவில்லை. மன்னித்துக்கொள். இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே இன்னாசி அண்ணன் கிடக்கிறார்.

அவர் போட்ட குழாய்க் கட்டு பிய்த்துக்கொண்டது. பட்டப்பகலில், எல்லாரும் வேலையில் இருக்கும்போது. நான் அங்கே இல்லை. சந்தனம் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வெள்ளைப் புகை. எஞ்சின் அறையில் இருந்தவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். அண்ணன் வாசல் பக்கம்தான் நின்றிருக்கிறார். ஓரடி வைத்தால் வெளியே. அவர் உள்ளே ஓடினார். நனைந்த சாக்கை எடுத்து அந்த மூட்டின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஓட்டை! ஓட்டை!" என்று கத்தினாராம், வத்தையில் கத்துகிற மாதிரி. யாராவது பஞ்சு கொண்டுவரும் வரை பிடிக்க வேண்டும் அல்லவா. பஞ்சு எங்கே இருக்கிறது? அடைக்கிறவன் யார்? சந்தனம் எஞ்சினை நிறுத்திவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு காலைப் பிடித்து இழுத்திருக்கிறான். கையை எடுக்க மாட்டேன் என்று உதைத்தாராம்.

கை வெந்துவிட்டது. அது ஆறும் என்கிறார்கள். கண்தான். வலது கண் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணில் விளக்கைக் காட்டினால் ஏதோ தெரிகிறது என்கிறார். அந்தக் கண் தேறுமா தேறாதா என்பதைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் சொல்ல முடியுமாம். அதுவும் சீக்கிரம் கொண்டு போனால்தான்.

கம்பெனி அனுப்பும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். விபத்துக்குக் கம்பெனி பொறுப்பு என்றால் அனுப்புவார்கள். அவர் தப்பு என்றால் அனுப்ப மாட்டார்கள். அதை முடிவு செய்ய பம்பாய் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். போன வியாழக்கிழமை விசாரணை. அண்ணனை வேனில் ஏற்றி, கண்ணில் கட்டோடு மானேஜர் அறைக்குக் கொண்டு போனார்கள்.

முதல் நாள் நான் அவரிடம் கெஞ்சினேன். தமிழில் சொல்லுங்கள் அண்ணே, மனசில் உள்ளதை எல்லாம் தமிழில் கொட்டுங்கள் என்றேன். "தமிழ்ல சொன்னா யாரு வாத்தியாரே இங்கிலீசுல சொல்லுவா?" என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்று மானேஜரிடம் போய் நின்றேன். மொழிபெயர்ப்பது சூப்பர்வைசர் வேலை, வாத்தியார் வேலை அல்ல என்றார். அப்போது அண்ணன் சொன்னார்: "அந்த ஆளு என் வாயில பூந்து பேசுறதுக்கு நானே பேசிப்புடுறேன். எதுக்குப் படிச்சேன்?"

பேசினார். பம்பாய் அதிகாரி கேட்கக் கேட்க, கட்டுப் போட்ட முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பி, பதில் சொன்னார். கசிவைப் பார்த்தது யார்? நான் ஐயா. மானேஜரிடம் எப்போது சொன்னாய்? கூட்டத்தில் சொன்னேன் ஐயா. வழி சொன்னது யார்? நான் ஐயா. யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா? இல்லை ஐயா, நானே செய்கிறேன் என்று சொன்னேன். எஞ்சினை நிறுத்தச் சொல்லி நீ கேட்டாயா? இல்லை ஐயா. எல்லாரும் வெளியே ஓடியபோது உன்னை உள்ளே போகச் சொன்னது யார்? யாரும் இல்லை ஐயா, நானே போனேன்.

எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் உண்மை. அவருக்குப் பொய் சொல்லத் தெரியும். தமிழில் நன்றாகவே சொல்வார். நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் பொய் சொல்ல இடம் இல்லை. 'என்னை இப்படிச் சொல்ல வைத்தார்கள்' என்பதற்கு நான் சொல்லே கொடுக்கவில்லை.

நான் எழுந்தேன். எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பதுதான் முதலில் இருந்த வாக்கியம், அதை எடுக்கச் சொன்னவர் இந்த மானேஜர் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். மானேஜர் கோபப்படவில்லை. கூட்டத்தின் விதியைத்தான் விளக்கினேன், எந்த மூட்டையும் எப்படிச் சரி செய்வது என்று நான் வாத்தியாரிடம் பேசவில்லை என்றார். அதுவும் உண்மைதான். பம்பாய் அதிகாரி என் பக்கம் திரும்பி, இவர் இப்போது பேசிய இங்கிலீஷில் ஏதாவது பிசகு இருக்கிறதா, சொல்ல நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு என்று எங்காவது நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன், ஹமீது.

ஒரு சாதாரணத் தொழிலாளி இவ்வளவு தெளிவாகப் பேசி எங்கேயும் கேட்டதில்லை, இந்த வகுப்பை மற்ற ஊர்க் கம்பெனிகளிலும் நடத்த வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னார். பிறகு, தொழிலாளி தன் விருப்பப்படி, தானே யோசித்த முறையில் செய்தது, கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று முடித்தார். ஒரு சர்க்கார் இன்ஸ்பெக்டரும் வந்தார். காபி குடித்தார். கம்பெனியே விசாரித்துவிட்டதே என்று போய்விட்டார். வில்வநாதன் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவையே இல்லை.

திரும்பி வரும்போது வேனில் அண்ணன் தலையை என் மடியில் வைத்துப் படுத்திருந்தார். லீமாரோஸ் மதினி எதிரே உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வழியில் அண்ணன் கேட்டார்.

"வாத்தியாரே, தப்பு எதும் வந்துச்சா?"

"இல்ல அண்ணே. ஒரு தப்பும் இல்ல."

"கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் தடுக்குச்சு."

"அதுவும் சரியாத்தான் இருந்துச்சு."

அவர் சிரித்தார். உதடு வெடித்து ரத்தம் வந்தது. மதினி துடைத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுவந்தால் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைப்பார். வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வேலையை விட்டுவிட்டேன். அதனால் யாருக்கு என்ன? மறுநாள் முதலே வேறு ஒருவன் வந்து நடத்துகிறான். முன்பைவிட அதிகம் பேர் வருகிறார்களாம். அண்ணன் மாதிரிப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கசிந்த குழாய்க்குப் புது மூட்டுப் போட்டுவிட்டார்கள். எஞ்சினை அரைநாள்தான் நிறுத்தினார்கள். இறால் ஒன்றும் நாறவில்லை.

இப்போது நான் கேட்பதை நீ தட்டக் கூடாது. எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. கடையில் லீவு கேட்டாவது போ. அமோனியா பட்ட கண், நாள் பதினேழு ஆகிறது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்று சொல். பார்ப்பார்களா, எந்த டாக்டர், என்றைக்குக் கூட்டி வரலாம் என்று கேள். பார்த்துப் பலன் இல்லை என்றால் அதையும் கேட்டுக்கொள். கம்பெனி அனுப்பாவிட்டாலும் சந்தனமும் மற்றவர்களும் ரயிலேற்றிக் கொண்டுவருவார்கள்.

பதிலை எனக்கு எழுதாதே. லீமாரோஸ் மதினி பெயருக்கு எழுது. இந்த ஆஸ்பத்திரி விலாசம் போதும். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நீயே தமிழில் எழுது. ஒன்றையும் குறைக்காதே, ஆறுதலுக்கென்று ஒன்றையும் சேர்க்காதே. நல்லதோ கெட்டதோ, அவரே படித்து அவரே அண்ணனுக்குச் சொல்லட்டும். நடுவில் நான் வேண்டாம்.

அல்லாஹ் உன் வாயில் நல்ல செய்தியை வைக்கட்டும்.

பூமிநாதன்.